பக் ராஜர்ஸ் மீது விழுந்த பழி

பிரிட்டனில், 'டாக்டர் ஹூ' என்ற பிபிசியின் பழைய விண்வெளித் தொடரின் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பழைய வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வரும். 1980-ல் பிபிசியின் போட்டித் தனியார் சேனலான ஐடிவி அமெரிக்காவிலிருந்து 'பக் ராஜர்ஸ்' என்ற விண்வெளித் தொடரை வாங்கி, சனிக்கிழமை மாலையில் டாக்டர் ஹூவுக்கு நேர் எதிரே போட்டது. அன்று விழுந்த அடியிலிருந்து டாக்டர் ஹூ எழுந்திருக்கவேயில்லை, ஒன்பது வருடம் இழுத்துக்கொண்டு கிடந்து 1989-ல் நின்றுபோனது என்பது குற்றச்சாட்டு. இதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய முடிவும் வரும்: பணக்கார அமெரிக்கத் தொடர்கள் வந்து இறங்கினால், அட்டைச் சுவரும் மங்கலான வெளிச்சமுமாக வருடக்கணக்கில் ஓடும் பிரிட்டிஷ் தொடர்கள் தாக்குப்பிடிக்காது.

நான் பர்மிங்ஹாமில் இருக்கிறேன். அந்த அட்டைச் சுவர்த் தொடர்களை மனசார நேசிப்பவன். எங்கள் வீட்டில் 'கேஷுவல்டி' என்ற பிபிசி ஆஸ்பத்திரித் தொடர் ஓடாத சனிக்கிழமை குறைவு. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். திரையில் யாராவது தப்பாக ஊசி போட்டால் சோபாவிலிருந்தே திட்டுவாள், ஆனால் எழுந்து போகமாட்டாள். இந்தத் தொடர்கள் நலிவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. அதனாலேயே பழியைச் சரியான இடத்தில் போட வேண்டும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவால் சேதம் உண்டு. அந்தச் சேதம் எதிர்ச் சேனல் வழியாக வரவில்லை.

முதலில் 1980-ஐப் பார்ப்போம். அந்த வருட நவம்பர் 1-ம் தேதி ஒளிபரப்பான டாக்டர் ஹூ எபிசோடைப் பார்த்தவர்கள் 37 லட்சம் பேர். அதற்கு ஒரு வருடம் முன்னால், 1979 அக்டோபரில், இதே தொடரின் ஒரு எபிசோடை 1 கோடியே 61 லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தலை சுற்றும். வழக்கைத் தொடுப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் 1979 இலையுதிர்காலத்தில் ஐடிவியில் வேலைநிறுத்தம். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் கடைசி வரை அந்தச் சேனலே கிடையாது. அப்போது நாட்டில் மொத்தம் இருந்தது மூன்று சேனல். அதில் ஒன்று இருட்டு. பிபிசி எதைப் போட்டாலும் கூட்டம் வந்த நேரம் அது. அதற்கு முந்தைய சீசனில் டாக்டர் ஹூவின் சராசரி 80 லட்சத்துக்குச் சற்று மேலேதான் இருந்தது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் 1980-ன் சரிவு பெரியதுதான், ஆனால் பாதாளம் என்று சொல்லுமளவுக்கு இல்லை.

அடுத்து, பழிபோடுகிறவர்கள் அநேகமாக எடுத்துச் சொல்லாத ஒன்று. அதே சீசன், டாக்டராக நடித்த அதே டாம் பேக்கர், அதே பட்ஜெட். 1981 ஜனவரியில் எண்ணிக்கை 70 லட்சத்தைத் தொட்டு ஏறியது. ஒரு எபிசோட் 80 லட்சத்தையும் தாண்டியது. போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அப்போது பள்ளிக்கூடப் பையன். அவரிடம் கேட்டேன். "ஆமாம், பக் ராஜர்ஸுக்குத் தாவினோம். விண்கலம் நிஜமாகவே பறந்தது, வெடித்தது. கொஞ்ச நாளில் எல்லா வாரமும் ஒரே மாதிரி வெடிப்பதுபோல இருந்தது. டாக்டர் என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ளத் திரும்பிவிட்டோம்" என்றார். ஒருவர் நினைவை வைத்து வழக்கை முடிக்க முடியாது. ஆனாலும் அந்த எண்கள் சொல்வதும் இதுதான்.

1982-ல் பிபிசி டாக்டர் ஹூவைச் சனிக்கிழமையிலிருந்து தூக்கி, திங்கள், செவ்வாய் மாலைகளுக்கு மாற்றியது. பீட்டர் டேவிசன் என்ற புது நடிகர். சராசரி 90 லட்சத்தைத் தாண்டியது. பக் ராஜர்ஸ் அதற்குள் அமெரிக்காவிலேயே இரண்டு சீசனோடு நின்றுவிட்டிருந்தது. கொன்றதாகச் சொல்லப்படுகிறவர் போய்ச் சேர்ந்துவிட்டார், கொல்லப்பட்டவர் நடமாடிக்கொண்டிருக்கிறார்.

இரண்டுக்கும் இடையே தயாரிப்பில் இருந்த தூரத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் 1980-ல் குழந்தைகள் ஏன் சேனலை மாற்றினார்கள் என்பது புரியாது. அமெரிக்கத் தொடர், சினிமாவைப் போல பிலிமில், ஒரு கேமராவை வைத்து, ஷாட் ஷாட்டாக எடுக்கப்பட்டது. டாக்டர் ஹூவின் பெரும்பகுதி லண்டன் டெலிவிஷன் சென்டரில், வீடியோவில், பல கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓட, மேடை நாடகத்தைப்போல எடுக்கப்பட்டது. வெளிப்புறக் காட்சிகள் மட்டும் பிலிம். அதனால் கதாபாத்திரம் கதவைத் திறந்து வெளியே வந்தால் படத்தின் தன்மையே மாறிவிடும். ஸ்டுடியோவில் இரவு 10 மணி ஆனால் விளக்கை அணைத்துவிடுவார்கள். அதற்குள் முடியாத காட்சி முடியாததுதான். எழுபதுகளின் கடைசியில் விலைவாசி ஏறிய வேகத்துக்கு பட்ஜெட் ஏறவேயில்லை. இத்தனைக்கும் நடுவில் அந்த ஆட்கள் கதைக்குக் கதை ஒரு புது உலகத்தைக் கட்டினார்கள். அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை பொங்குகிறது.

அமெரிக்கத் தொடரை வாங்குவது மலிவு. தயாரிப்புச் செலவின் பெரும்பகுதியை அங்குள்ள நெட்வொர்க் கொடுத்துவிடும். வெளிநாட்டு விற்பனையில் வருவது மேல்வரும்படி. பிரிட்டிஷ் சேனல் சொந்தமாக ஒரு மணி நேர நாடகம் எடுக்க ஆகும் செலவில் ஒரு துண்டைக் கொடுத்து, அதைவிடப் பல மடங்கு செலவில் எடுத்த ஒரு மணி நேரத்தை வாங்கிவிடலாம். பிறகு ஏன் பிரிட்டிஷ் டிவி முழுக்க அமெரிக்காவாகிவிடவில்லை? அப்போது கட்டுப்பாடு இருந்தது. ஐடிவியில் வெளிநாட்டு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பு நேரத்தில் சுமார் 14 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வைத்திருந்தார்கள். பிபிசியும் ஏறக்குறைய அதே அளவில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டது. விருந்தாளி எத்தனை பேர் வரலாம் என்று வீட்டுக்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள். அந்த அளவுக்குள் வந்த அமெரிக்கத் தொடர்கள் உள்ளூர்த் தொடர்களோடு சண்டை போட்டதைவிடச் சேர்ந்து வாழ்ந்ததுதான் அதிகம். 1969-ல் டாக்டர் ஹூ ஆறு மாதம் இடைவெளி விட்டபோது அந்தச் சனிக்கிழமை இடத்தில் பிபிசி போட்டது 'ஸ்டார் ட்ரெக்'. அதைப் பார்த்துப் பழகியவர்கள், 1970 ஜனவரியில் டாக்டர் ஹூ கலரில் திரும்பியபோது முகம் திருப்பிக்கொண்டு போகவில்லை.

அப்படியானால் 1989-ல் நின்றது எதனால்?

இங்கேதான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. 1985 பிப்ரவரியில் பிபிசி 1 சேனலின் தலைவராக (கன்ட்ரோலர்) இருந்த மைக்கேல் கிரேட், டாக்டர் ஹூவைப் பதினெட்டு மாதம் நிறுத்தி வைத்தார். அந்த சீசன் சனிக்கிழமைக்குத் திரும்பியிருந்தது. சராசரி 70 லட்சத்துக்கு மேல். கொடிகட்டிப் பறக்கவில்லை, செத்தும் போகவில்லை. கிரேட் பின்னாட்களில் தன் காரணத்தை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்: ஸ்டார் வார்ஸையும் ஈ.டி.யையும் பார்த்துவிட்டு வந்த தன் கண்ணுக்கு, தரையில் தடதடவென்று நகரும் அட்டை உருவங்கள் கேலிக்கூத்தாகத் தெரிந்தன. பார்வையாளர்கள் விட்டுவிட்டுப் போனார்கள் என்பது அல்ல அவர் சொன்னதன் சாரம்; தனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை என்பதுதான். அமெரிக்கப் பளபளப்பு அந்த வருடம் கூசவைத்தது மேலதிகாரியின் கண்ணை. வீட்டில் உட்கார்ந்திருந்த 70 லட்சம் பேர் அந்தத் தொடர் எத்தனை ரூபாய்க்கு எடுக்கப்படுகிறது என்பதை அறிந்தே பார்த்தார்கள்.

1986 செப்டம்பரில் திரும்பி வந்தபோது எண்ணிக்கை 50 லட்சத்துக்குக் கீழே போயிருந்தது. ஒன்றரை வருடம் கடையை மூடிவைத்தால் வாடிக்கை போகும். அடுத்து பிபிசி செய்தது அதைவிட மோசம். 1987-லிருந்து டாக்டர் ஹூவைக் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' ஓடும் நேரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். முதலில் திங்கள், பிறகு புதன். கொரோனேஷன் ஸ்ட்ரீட் 1960 டிசம்பரிலிருந்து மான்செஸ்டரில் எடுக்கப்படும் தொடர்; ஒரு தெரு, ஒரு பப், ஒரு மளிகைக் கடை. எண்பதுகளில் ஒன்றரைக் கோடிப் பேர் சாதாரணமாகப் பார்த்தார்கள். நாட்டிலேயே அதிகம் பேர் பார்த்த தொடர்களில் ஒன்றுக்கு எதிரே போட்டுவிட்டு, ஆள் வரவில்லையே என்று கணக்குப் பார்த்தார்கள். 1989 செப்டம்பரில் கடைசி சீசனின் முதல் எபிசோடுக்கு 31 லட்சம் பேர். டிசம்பரோடு முடிந்தது.

அந்தக் கடைசி மூன்று வருடம் டாக்டர் ஹூவுக்கு எதிரே நின்றது பிரிட்டனிலேயே நீண்டகாலம் ஓடும் நாடகத் தொடர். அமெரிக்க இறக்குமதி எதுவும் இல்லை. நான் இதைச் சொன்னபோது பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சநேரம் பேசவில்லை. அவர் அம்மா அந்தப் புதன்கிழமைகளில் சேனலை மாற்ற விடவேமாட்டாராம்.

ஒரு தொடரை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்றால், மற்றவற்றையும் பார்க்கலாம். எண்பதுகளில் 'டாலஸ்' என்ற அமெரிக்க எண்ணெய்க் குடும்பத் தொடர் பிரிட்டனைப் பிடித்து ஆட்டியது. அதன் வில்லன் ஜே.ஆரை யார் சுட்டார்கள் என்று தெரிந்துகொள்ள 1980 நவம்பரில் 2 கோடிப் பேர் பிபிசி முன்னால் உட்கார்ந்தார்கள். 1985 ஜனவரியில் ஐடிவியின் லண்டன் கம்பெனியான தேம்ஸ் டெலிவிஷன், சேனல்களுக்கு நடுவே இருந்த எழுதாத உடன்பாட்டை உடைத்து, அதிக விலை பேசி டாலஸை பிபிசியிடமிருந்து தட்டிப்பறிக்கப் பார்த்தது. அதில் எழுந்த ரகளையில் தேம்ஸின் நிர்வாக இயக்குநர் பதவியையே விட வேண்டி வந்தது; டாலஸ் பிபிசிக்கே திரும்பியது. அந்த அளவுக்கு மதிப்பு. அடுத்த மாதமே, பிப்ரவரி 19-ல், பிபிசி 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடங்கியது. எண்ணெய்க் கிணறு கிடையாது, குதிரைப் பண்ணை கிடையாது. கிழக்கு லண்டனில் ஓர் அழுக்குச் சதுக்கம், துணிமணி துவைக்கும் கடை, பப். 1986 கிறிஸ்துமஸ் அன்று பப் முதலாளி டென் தன் மனைவி ஆஞ்சிக்கு விவாகரத்துக் காகிதம் நீட்டிய எபிசோடை, வாரக்கடைசி மறுஒளிபரப்பையும் சேர்த்து, 3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். டாலஸ் முடிந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. ஈஸ்ட்எண்டர்ஸ் இந்த வாரமும் ஓடுகிறது.

கேஷுவல்டி 1986-ல் ஆரம்பம். 1995-ல் சேனல் 4, சிகாகோ ஆஸ்பத்திரி ஒன்றில் நடக்கும் அமெரிக்க 'ஈ.ஆர்' தொடரைக் கொண்டுவந்தபோது எல்லோரும் பயந்தார்கள். கேமரா ஓடுகிறது, ஸ்ட்ரெச்சர் பறக்கிறது, டாக்டர்கள் மூச்சுவிடாமல் பேசுகிறார்கள், எல்லோரும் அழகாக வேறு இருக்கிறார்கள். நானும் விழுந்து விழுந்து பார்த்திருக்கிறேன், அற்புதமான தொடர். கேஷுவல்டியில் ஒருவர் வீட்டில் ஏணி வைத்துப் பல்பு மாட்டுவார். யார் விழப்போகிறார்கள் என்று பத்து நிமிடம் நாம் யூகிக்க வேண்டும். ஈ.ஆர் 2009-ல் முடிந்தது. கேஷுவல்டி மட்டுமல்ல, அதிலிருந்து 1999-ல் பிரிந்து வந்த 'ஹோல்பி சிட்டி'யும் ஈ.ஆரைத் தாண்டி 2022 வரை போனது. ஒன்றைப் பார்த்தவர்கள் மற்றதையும் பார்த்தார்கள், அவ்வளவுதான். காசு கொடுக்காமல் சிகிச்சை நடக்கும் ஆஸ்பத்திரி, படுக்கை கிடைக்காத அவசரப் பிரிவு, ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாத நர்ஸ்: இதை சிகாகோவிலிருந்து யாரும் அனுப்பி வைக்க முடியாது.

நேர்மாறான உதாரணமும் உண்டு, என்னை அதிகம் வருத்துவது அதுதான். 'தி பில்', லண்டன் போலீஸ் ஸ்டேஷன் ஒன்றின் கதை, 1984-லிருந்து ஓடியது. அமெரிக்கப் போலீஸ் தொடர்கள் எத்தனையோ வந்து போயின, அசையவில்லை. 2009-ல் ஐடிவி அதைக் கையில் எடுத்தது. வாரத்துக்கு ஒரு முறையாகக் குறைத்தார்கள், இரவு 9 மணிக்குத் தள்ளினார்கள், எச்டி-க்கு மாற்றினார்கள், காலங்காலமாக இருந்த தலைப்பு இசையைத் தூக்கினார்கள். படம் அழகாகத்தான் இருந்தது, பளபளவென்று இருந்தது. 2010 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். எதிரே நிற்கும் பளபளப்பைப் பழைய தொடர் தாங்குகிறது. தன் மேலேயே பூசினால் அதன் ஆட்களுக்கு அடையாளம் தெரியாமல் போகிறது.

டாக்டர் ஹூவுக்கும் இது நடந்தது, இரண்டு தடவை. 1996-ல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனலோடு சேர்ந்து வான்கூவரில் எடுத்த டிவி படம், பார்க்கப் பிரமாதமாக இருக்கும். பிரிட்டனில் 90 லட்சம் பேர் பார்த்தார்கள், அமெரிக்காவில் ஆள் இல்லாததால் தொடராக மாறவில்லை. 2005-ல் பிபிசி வேல்ஸ் தன் சொந்தக் கையால் மீண்டும் ஆரம்பித்தபோது முதல் எபிசோடுக்கே 1 கோடியே 8 லட்சம் பேர். 45 நிமிட எபிசோட், சீசன் முழுக்க ஓடும் இழை என்று அமெரிக்கத் தொடர்களிடம் கற்றது அதில் நிறைய உண்டு. ஆனால் நாயகி லண்டனில் உள்ளாட்சி கட்டிய வாடகை பிளாட்டில் அம்மாவோடு இருக்கும் துணிக்கடைப் பெண். 2022-ல் டிஸ்னியோடு ஒப்பந்தம் போட்டார்கள், பணம் திரையில் நன்றாகவே தெரிந்தது. 2024-ல் எண்ணிக்கை 2005-ல் பாதியைக்கூட எட்டவில்லை. எல்லா டிவியும் ஆள் இழந்த காலம், அதை மறக்கக்கூடாது. ஆனால் 2025 அக்டோபரில் டிஸ்னி விலகிக்கொண்டபோது, ஆங்கிலேய நண்பர் ஒருவர் செத்த வீட்டுத் துக்கத்தோடு பேசினார். எனக்கு அந்தத் துக்கம் வரவில்லை.

இனி, உண்மையான சேதத்துக்கு வருகிறேன்.

பிபிசியில் மதிய நேரத்தில் 'டாக்டர்ஸ்' என்று ஒரு தொடர் ஓடியது, 2000-லிருந்து. எங்கள் ஊர்த் தொடர். பர்மிங்ஹாம் செல்லி ஓக்கில் எடுத்தார்கள். விருது விழாக்களில் பெரிய பேச்சு இருக்காது. ஆனால் இந்த நாட்டில் இன்று பெயர் சொல்லக்கூடிய எழுத்தாளர்கள், இயக்குநர்கள், நடிகர்கள் ஏராளமானோர் முதல் வேலை பார்த்தது அங்கேதான். லண்டனில் யாரையும் தெரியாத ஒரு பையனோ பெண்ணோ அரை மணி நேரக் கதை எழுதிக் கொடுத்து, அது படமாகி, அம்மா அப்பா பார்க்க முடிந்த இடம். 2024 நவம்பரில் முடிந்துவிட்டது. பிபிசி சொன்ன காரணம்: நாடகத் தயாரிப்புச் செலவு அளவுமீறி ஏறிவிட்டது, ஸ்டுடியோவைப் புதுப்பிக்கவோ மாற்றவோ கையில் பணமில்லை.

ஏன் ஏறியது? 2013-ல் அரசாங்கம் பெரிய டிவி நாடகங்களுக்கு வரிச்சலுகை கொண்டுவந்தது. ஒரு மணி நேரத்துக்கு 10 லட்சம் பவுண்டாவது செலவு செய்தால் சலுகை. அமெரிக்கக் கம்பெனிகள் சாரிசாரியாக வந்தன. 2019-ல் பைன்வுட் ஸ்டுடியோவில் டிஸ்னி நீண்டகாலக் குத்தகை எடுத்தது, ஷெப்பர்டனில் நெட்ஃபிளிக்ஸ். எலக்ட்ரீஷியன், தச்சர், ஒப்பனைக்காரர், கேமரா உதவியாளர் எல்லோருக்கும் நல்ல சம்பளம் கிடைத்தது. அவர்களுக்கு அது கிடைக்கவேண்டியதுதான், அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் அதே ஆட்களை, அதே விளக்குகளை, அதே வேனை டாக்டர்ஸும் கேஷுவல்டியும் வாடகைக்கு எடுக்க வேண்டும். வருடம் முழுக்க வாரம் பல நாள் ஓடும் 'சோப்' தொடர்கள் அந்த 10 லட்சம் பவுண்டின் பக்கத்தில்கூட வராது. ஆகவே சலுகையும் கிடையாது. விலை ஏற்றம் மட்டும் அவற்றுக்கும் உண்டு. மலிவாக எடுப்பது என்ற குணத்தாலேயே தண்டிக்கப்படுகின்றன. 'ஹாலியோக்ஸ்' 2024-ல் வாரம் ஐந்திலிருந்து மூன்றானது. 2026 ஜனவரியிலிருந்து கொரோனேஷன் ஸ்ட்ரீட்டும் 'எமர்டேல்'லும் வாரத்துக்கு ஐந்து அரைமணி நேரம் என்று சுருங்கின.

பக் ராஜர்ஸ் ஒரு பெட்டியில் பிலிமாக வந்தது. போட்டார்கள், பார்த்தார்கள், திருப்பி அனுப்பினார்கள். இங்கே ஒரு தச்சரின் நாள்கூலி அதனால் மாறவில்லை. இப்போது அமெரிக்கா அனுப்புவது நிகழ்ச்சியை அல்ல, விலைப்பட்டியலை. அதற்கு எதிரே எந்தச் சேனலையும் மாற்றிப் பார்க்க முடியாது.

2025 ஏப்ரலில் நாடாளுமன்றக் கலாசாரக் குழு, ஸ்ட்ரீமிங் கம்பெனிகள் இங்கே சந்தாதாரர்களிடம் ஈட்டும் வருமானத்தில் 5 சதவீதத்தை உள்நாட்டு நாடகங்களுக்கான நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 'வுல்ஃப் ஹால்' என்ற பிபிசி சரித்திரத் தொடரின் இயக்குநர் பீட்டர் கோஸ்மின்ஸ்கி அந்தக் கோரிக்கையை முன்னால் நின்று பேசியவர். அந்தத் தொடரை எடுத்து முடிக்க அவரும் நாயக நடிகரும் சம்பளத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தார்கள், வெளிப்புறக் காட்சிகளை வெட்டினார்கள். அந்த ஐந்து சதவீதத்துக்கு என் முழு ஆதரவு. ஒன்றில் மட்டும் நான் வேறுபடுகிறேன். அந்த நிதி வந்தால் முதல் பங்கு இன்னொரு வுல்ஃப் ஹாலுக்குப் போகக்கூடாது. அதற்குப் பரிந்து பேச ஆட்கள் இருக்கிறார்கள். செல்லி ஓக் மாதிரி ஓர் இடத்தில், பிற்பகல் ஒன்றே முக்காலுக்குப் போடும் அரை மணி நேரத் தொடருக்குப் போகவேண்டும், வாரம் நாலு நாள், வருடம் முழுக்க. வரிச்சலுகையின் 10 லட்சம் பவுண்டு வரம்பிலும் நீண்டகாலத் தொடர்களுக்குத் தனி வழி வேண்டும். எங்கள் எம்பிக்கு இதை எழுதியிருக்கிறேன். இந்த ஊரில் இருப்பவர்கள் நீங்களும் எழுதுங்கள்.